ஃபேர்வே பராமரிப்பு

ஃபேர்வே என்பது குழிப்பந்தாட்டத் திடலில் (கோல்ஃப்) முதல் அடி அடிக்கப்படும் மேடைக்கும், குழி அமைந்துள்ள கிரீன் எனப்படும் வழவழப்பான புல்தரைக்கும் இடையே, புல் குட்டையாக வெட்டிப் பேணப்படும் நீண்ட நிலப்பரப்பு ஆகும். தொலைக்காட்சியில் காணும் போட்டித் திடல்களைப் போலத் தம் திடலும் இருக்க வேண்டும் எனப் பல கழகங்கள் விரும்புவதுண்டு. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஏற்ற தரை, வார இறுதியில் விளையாட வருபவருக்கு ஏற்றதாக அமைவதில்லை.

புல்லின் உயரம்

பெரிய போட்டிகளுக்கு ஃபேர்வே புல் சுமார் 10 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டப்படுகிறது. இத்தரையில் பந்து ஏறக்குறைய மண்ணை ஒட்டியே கிடக்கும். பந்தை முதலில் தொட்டு அடிக்கத் தேர்ந்தவருக்கு இது வசதி. பயிற்சி குறைந்தவரின் மட்டையோ பந்துக்குப் பின்னாலுள்ள மண்ணில் இறங்கிவிடும். புல் 12 முதல் 18 மில்லிமீட்டர் வரை இருந்தால் பந்து சற்று உயர்ந்து அமரும், அடிப்பதும் எளிதாகும். புல்லுக்கும் இதுவே நன்று. இலைப்பரப்பு மிகுந்தால் வேர் ஆழமாக இறங்கி வறட்சியைத் தாங்கும். ஒருமுறை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது என்பது புல்தரைப் பராமரிப்பின் பொது விதி. எனவே எவ்வளவு குட்டையாக வைக்கிறோமோ அவ்வளவு அடிக்கடி வெட்ட நேரிடும், செலவும் கூடும்.

நீரும் அகலமும்

பச்சைப் பசேலெனத் தெரிவதே நல்ல ஃபேர்வே என்பது பிழையான எண்ணம். மிகுதியாக நீர் பாய்ச்சிய தரையில் பந்து உருளாது விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். நெடுந்தொலைவு அடிக்க இயலாதவருக்கே இதனால் இழப்பு அதிகம். அமெரிக்காவின் வட கரொலைனாவிலுள்ள பைன்கர்சுட்டு 2ஆம் எண் திடலில், 2010-11இல் நடந்த சீரமைப்பின்போது ஏறத்தாழ 35 ஏக்கர் புல்தரை நீக்கப்பட்டது, நீர்த்தெளிப்பான்கள் சுமார் 1,150இலிருந்து 450 ஆகக் குறைக்கப்பட்டன, ஃபேர்வேக்களோ அகலமாக்கப்பட்டன. அங்கு வளர்வது பெர்முடா புல், அதாவது நாம் அறிந்த அறுகம்புல் இனம். ஓரங்கள் பழுப்பேறிக் கிடந்த அத்திடலில் 2014இல் ஐக்கிய அமெரிக்கத் திறந்த போட்டிகள், ஆடவருக்கும் மகளிருக்குமாக அடுத்தடுத்த வாரங்களில் நடைபெற்றன.

பெயர்ந்த புல்

மட்டை பட்டுப் புல்லோடு மண் பெயர்ந்த பள்ளத்தில் பந்து விழுந்தால், அதை எடுத்து வேறிடத்தில் வைக்க விதிகள் இலவசமாக இடமளிப்பதில்லை. ஆதலால் பள்ளத்தைச் சீர்செய்வது அடுத்து வருபவருக்குச் செய்யும் கடமை. பெயர்ந்த துண்டு வேரோடு இருந்தால் மீண்டும் பதித்து மிதிக்கலாம். அறுகம்புல் தரையில் மணல் இட்டு நிரப்பினாலே போதும், புல் படர்ந்து மூடிவிடும். பொதுமக்களும் விளையாடும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு பழைய திடலில், புல் வளராத குளிர்கால மாதங்களில் ஃபேர்வேயில் கிடக்கும் பந்தைச் சிறு விரிப்பின்மேல் வைத்து அடிக்கும் வழக்கம் உண்டு.