கருவுற்ற தாயும் அபின்சார் போதைப் பழக்கமும்: மன்னார்க் கரையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே உடையது. பண்டுதொட்டு மக்களையும் பண்டங்களையும் இணைத்து வந்த இக்கடல் வழியே கஞ்சாவும் ஹெரோயினும் பிற போதை மருந்துகளும் கடத்தப்படுவதை அண்மைக் காலத்திற் காண்கின்றோம். கடத்தலைப் பற்றிப் பேசுவோர் பலர். அப்பழக்கத்துக்கு ஆட்பட்ட கருவுற்ற பெண்ணைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அவளுக்குரிய சிகிச்சை முறை யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

அபினிலிருந்து பெறப்படும் மோர்பினும், அதிலிருந்து ஆக்கப்படும் ஹெரோயினும் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவைச் சென்றடைவன. ஹெரோயினின் விளைவு சில மணி நேரமே நிலைப்பதால், தாயும் சிசுவும் ஒரே நாளிற் பலமுறை மயக்கத்துக்கும் மருந்து நீங்கிய வேதனைக்கும் இடையே அலைக்கழிக்கப்படுகின்றனர்.

'இன்றே நிறுத்திவிடு' என்பதே உறவினர் பலரின் அறிவுரை. எனினும், திடீரென நிறுத்தும் பெண்கள் பெரும்பாலும் பழக்கத்துக்கு மீளுகின்றனர். தாங்குதிறன் குறைந்த உடலிற் பழைய அளவே உயிரைப் பறிக்கலாம். ஆதலாற்றான் உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில், நச்சு நீக்கத்தினும் மெதடோன் அல்லது புப்பிரநோர்பின் கொண்டு தொடர்ந்து பராமரிப்பதே ஏற்றது எனப் பரிந்துரைத்தது. இவை நீண்ட நேரம் செயற்பட்டு உடலை ஒரு சீரில் வைப்பன. பேற்றுக் காலம் நெருங்க மெதடோன் உடலிலிருந்து விரைந்து நீங்குவதால், அளவைக் கூட்ட நேர்வதுமுண்டு. அது பழக்கம் முற்றியதன் அறிகுறியன்று.

பிரசவத்தின்போதும் அன்றாட மருந்தை நிறுத்தலாகாது. அது பேற்று நோவைத் தணிக்கப் போதாது. நோவுக்குத் தனி மருந்து வேண்டும். ஆனால் பென்ரசோசின் போன்றவை தாய்க்குத் திடீர் வேதனையை உண்டாக்கும். சிசு மூச்செடுக்கத் தயங்கினால், நலொக்சோன் கொடுப்பது வலிப்பை விளைவிக்கலாம். சுவாசத்துக்கு உதவுவதே முறை. எனவே, தாய் தன் பழக்கத்தை மறைத்தால், பிறருக்கு நன்மை பயக்கும் மருந்தே அவளுக்கும் சிசுவுக்கும் தீங்காகி விடுகின்றது.

பிறந்த சிசு கீச்சிட்டழுதல், நடுங்குதல், பாலுண்ண மறுத்தல் முதலிய குறிகளைச் சில நாட்களுட் காட்டலாம். இது சிகிச்சைக்கு இணங்குவது. அமைதியான, மங்கிய ஒளியுள்ள இடத்தில் தாயின் அருகே வைத்து அணைத்துப் பாலூட்டுவதே முதன் மருந்து. தேவைப்படின் மோர்பின் சிறிதளவில் வழங்கப்படும். தாய் வேறு போதைப்பொருளைப் பயன்படுத்தாது பராமரிப்பு மருந்தில் நிலைத்திருப்பின், தாய்ப்பால் விலக்கன்று. 2010இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், புப்பிரநோர்பின் பெற்ற தாயரின் சிசுக்களுக்கு, மெதடோன் பெற்றோரின் சிசுக்களினும் 89 சதவீதம் குறைந்த மோர்பினே தேவைப்பட்டது.

இலங்கையில் அபாயகர ஔடதச் சட்டம் 1929இல் இயற்றப்பட்டு, 1984இல் கடுமையாக்கப்பட்டது. சட்டத்துக்கும் ஊராரின் பழிக்கும் அஞ்சும் பெண் மருத்துவமனைக்கே வரத் தயங்குவாள். ஆயினும், பேசாலையானாலும் தலைமன்னாரானாலும் கருவுற்றவளின் வீட்டு வாயிலுக்குச் செல்லும் குடும்பநல மாது நம்மிடையே உள்ளார். அவர் கேட்கும் கேள்வியிற் குற்றச்சாட்டின் தொனி இல்லாதிருப்பின், உண்மை வெளிவரும். இரண்டு உயிர்களும் காக்கப்படும். சிகிச்சையின் முதற்படி அதுவே என்பது நம் துணிபு.