மதனகாமப்பூவும் அதன் மரமும்

நாட்டு மருந்துக் கடைகளில் 'மதனகாமப்பூ' என்றொரு சரக்கு விற்கப்படுவதை அங்கத்தினர் பலர் அறிவர். அது உண்மையில் பூவன்று. 'சைக்கஸ் சிர்சினாலிஸ்' என்னும் மரத்தின் ஆண்கூம்பு. சங்கரன்கோவிலுக்கு மேற்கே நாம் நாள்தோறும் காணும் மேற்குத் தொடர்ச்சி மலையே இம்மரத்தின் தாயகமாதலின், இதனைப் பற்றிச் சிறிது விளக்க முற்படுகிறோம்.

உச்சியில் ஓலைகள் குடைபோல் விரிந்திருப்பதால் இதனைப் பனையினமென்று கருதுவோர் உண்டு. கேரளத்தார் 'ஈந்து' என்பதால் நம் ஈச்ச மரத்தோடு மயங்குவோரும் உண்டு. இவ்விரண்டோடும் இதற்கு நெருங்கிய உறவில்லை. இது பூப்பதுமில்லை, கனிவதுமில்லை. விதை மட்டுமே தருவது. இவ்வினம் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டதென்று பாறைப் படிவங்கள் காட்டுகின்றன.

வறண்ட கற்சரிவில் இது பிழைப்பது எவ்வாறு? இதன் பவழம் போன்ற வேர்களில் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. உளுந்து, துவரைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் செய்யும் தொண்டும் இதுவே.

விதையில் 'சைகாசின்' என்னும் நஞ்சு உண்டு. அது நீரில் கரையக்கூடியது. ஆகவே மலைமக்கள் விதையை உலர்த்தி, உடைத்து, பன்முறை நீர் மாற்றி ஊறவைத்த பின்னரே மாவாக்குவர். முறையறியாதோர் உண்ணலாகாது. தழையை மேயும் மாடுகளுக்குப் பின்னங்கால்கள் செயலிழத்தலும் உண்டு. அழகுக்காக வளர்ப்போர் தொழுவத்திற்கு அருகில் நடாதிருத்தல் நலம்.

ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. மகரந்தம் உதிர்க்கும் முன்னரே கூம்பை வெட்டிவிட்டால், அருகிலுள்ள பெண்மரத்தின் விதைகள் முளைக்கும் திறனற்றுப் போகும். மரமோ மிக மெதுவாக வளர்வது; இழந்ததை விரைவில் ஈடுசெய்ய இயலாது. பந்தல் அலங்காரத்திற்காக ஓலை கழிப்பதும் மரத்தை நலிவிக்கிறது. காடு சுருங்குவதும் இவற்றோடு சேர, இவ்வினம் இன்று அழியும் அபாயத்திலுள்ளவற்றுள் வைத்து எண்ணப்படுகிறது.

ஆந்திரத்தின் சேஷாசலம், கடப்பை மலைகளின் வறண்ட திறந்த காடுகளில் வளரும் 'சைக்கஸ் பெட்டோமி' என்னும் உறவினத்தின் நிலையும் இத்தகையதே. அருகிவரும் உயிர்களின் வாணிபம் பற்றிய 1973-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, அதனை முதல் அட்டவணையிலும் நம் மலையினத்தை இரண்டாம் அட்டவணையிலும் சேர்த்துள்ளது. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் ஆந்திர இனத்திற்குக் காப்பளிக்கிறது.

வாங்குவோர் இருக்கும்வரை வெட்டுவோரும் இருப்பர். பந்தலுக்குத் தென்னங்குருத்து போதுமானது. மரம் விரும்புவோர் நாற்றங்காலில் விதையிட்டு வளர்த்த கன்றையே பெறலாம். மலை காக்கப்படின் அதன் ஓடைகளும் நம் குளங்களும் காக்கப்படும் என்பதை விவசாய அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.