நிறுவன அகத்தேடலில் சொடுக்குத் தரவு

சொடுக்குத் தரவு என்பது, தேடுபொறி காட்டும் முடிவுகளுள் எவற்றைப் பயனர்கள் சொடுக்கித் திறந்தனர் என்பதைக் காட்டும் பதிவு ஆகும். இன்ட்ராநெட் எனப்படும் நிறுவன அகவலையில் உள்ள ஆவணங்களைத் தேடித்தரும் பொறிகளைச் செம்மைப்படுத்த இத்தரவு பயன்படுகின்றது.

தேவை

இணையத்தில் ஒரு பக்கத்தின் முக்கியத்துவத்தை, அதனைச் சுட்டும் இணைப்புகளைக் கொண்டு மதிப்பிடலாம். 1998 இல் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை இவ்வகையைச் சார்ந்தது. நிறுவனத்துக்குள் இருக்கும் சுற்றறிக்கைகள், படிவங்கள் முதலியன ஒன்றையொன்று அவ்வளவாகச் சுட்டுவதில்லை. எனவே, ஊழியர்களின் சொடுக்குகள் இங்கு மதிப்பு மிக்க சான்றாகின்றன.

இடச்சார்பு

சொடுக்குகளை வெறுமனே எண்ணி, அதிகம் பெற்றதை மேலே வைப்பது தவறான முடிவுகளைத் தரும். எடுத்துக்காட்டாக, "பயணப்படி" என்று தேடும்போது காலாவதியான படிவம் ஒன்று முதலிடத்தில் வருவதாகக் கொள்வோம். மேலே இருப்பதனாலேயே பலரும் அதனைத் திறப்பர். அச்சொடுக்குகளால் அது மேலும் உறுதியாக அங்கேயே நிலைக்கும். சரியான படிவம் கீழே இருப்பதை எவரும் அறியார்.

கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் தோர்ஸ்டன் யோவாக்கிம்ஸ் குழுவினர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், பயனர்களின் கண்ணசைவு அளக்கப்பட்டது. முதலிரு முடிவுகளையும் பயனர்கள் ஏறத்தாழச் சம அளவில் பார்த்தபோதிலும், முதலாவதையே மிகுதியாகச் சொடுக்கினர். அவ்விரண்டையும் இடம் மாற்றிக் காட்டியபோதும் முதலிடத்தில் இருந்ததே அதிகச் சொடுக்குகளைப் பெற்றது.

ஒப்பீடாகக் கொள்ளல்

சொடுக்கினைத் தனி மதிப்பெண்ணாகக் கொள்ளாமல், ஒப்பீடாகக் கொள்ளும் முறையை யோவாக்கிம்ஸ் 2002 இல் முன்வைத்தார். ஒருவர் முதலிரு முடிவுகளை விட்டுவிட்டு மூன்றாவதைத் திறந்தால், அவ்விரண்டையும் விட மூன்றாவது பொருத்தமானது என்று கொள்ளலாம். நான்காவதைப் பற்றி இதிலிருந்து எதுவும் கூற இயலாது. அவர் அதனைப் பார்க்காமலே இருந்திருக்கக்கூடும். ஆகவே சொடுக்கப்பட்டதை மட்டுமன்றி, காட்டப்பட்ட முழு வரிசையையும் பதிவு செய்தல் வேண்டும்.

இரண்டு வரிசைமுறைகளுள் சிறந்ததை அறிய, இரண்டின் முடிவுகளையும் மாறி மாறிக் கலந்து ஒரே பட்டியலாகக் காட்டி, எதன் முடிவுகள் அதிகம் சொடுக்கப்படுகின்றன என்று பார்க்கலாம். பயனர்களை இரு குழுக்களாகப் பிரித்துச் சோதிப்பதை விட இதற்குக் குறைந்த சொடுக்குகளே போதுமாதலால், சிறிய நிறுவனங்களுக்கு இது ஏற்றது.

சொடுக்கப்படாத தேடல்கள்

சொடுக்கு இன்மையும் ஒரு தகவலே. "சம்பளச் சீட்டு" என்று தேடி எதையும் திறக்காத பலர், அடுத்து "ஊதியப் பட்டியல்" என்று தேடி ஓர் ஆவணத்தைத் திறந்தால், அவ்விரு சொற்களையும் தேடுபொறியில் இணைத்துவிடலாம். எவ்வாறு தேடியும் எதுவும் திறக்கப்படவில்லை எனில், அவ்வாவணம் எழுதப்படாமலே இருக்கலாம். எனினும், தொலைபேசி எண் போன்றவை முடிவுப் பட்டியலிலேயே தெரிந்துவிடும் இடங்களில், சொடுக்கு இல்லாமையைத் தோல்வியாகக் கொள்ளலாகாது.

அந்தரங்கம்

2006 இல் ஏஓஎல் நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் சுமார் 2 கோடி தேடல்களை ஆய்வுக்காக வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்களே தரப்பட்டிருந்தும், தேடல்களைக் கொண்டே ஒரு பயனரை நியூயார்க் டைம்ஸ் இதழ் அடையாளங் கண்டது. சில நூறு பேரே பணிபுரியும் நிறுவனத்தில் இது இன்னும் எளிது. மகப்பேறு விடுப்பு, பணிவிலகல், பாலியல் தொல்லைப் புகார் ஆகியன பற்றித் தேடியவர் யார் என்பது மேலாளருக்குத் தெரியவந்தால், ஊழியர்கள் தேடவே அஞ்சுவர். எனவே பெயர்களை நீக்கித் தொகுத்தல், பழைய பதிவுகளை அழித்தல், அரிய வினவல்களை அறிக்கைகளில் சேர்க்காதிருத்தல் ஆகியன இன்றியமையாதவை. மேலும், ஓர் ஆவணத்தைப் படிக்க உரிமை பெற்றோரின் சொடுக்குகளால், உரிமையற்றோருக்கு அதன் தலைப்புக்கூடத் தெரியாதவாறு பொறியை அமைத்தல் வேண்டும்.