பாழடைந்த கிடங்கு சொல்லும் கதை

இருப்புப்பாதை ஓரத்தில் கூரை சரிந்து, கதவு துருப்பிடித்து, சுவரில் செடி முளைத்துக் கிடக்கும் பழைய சரக்குக் கிடங்குகளைப் பயணங்களில் நாம் கண்டிருப்போம். “பாழடைந்த கட்டடம்” என்று சொல்லிப் பார்வையைத் திருப்பியும் இருப்போம். ஆனால், அத்தகைய சுவர்களுக்குள்ளும் மனித வாழ்வின் கண்ணீரும் பெருமையும் புதைந்திருப்பதுண்டு. அவ்வாறான ஒரு கிடங்கின் வரலாற்றை இத்திங்கள் அறிந்து கொள்வோம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், லிவர்பூல் சாலையில் அது நிற்கிறது. லிவர்பூல் துறைமுகத்தையும் மான்செஸ்டர் நகரையும் இணைத்த புகைவண்டிப் பாதை 1830 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய கிடங்கு வேலையும் ஐந்தே திங்களில் முடிவுற்றது. செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்த அக்கட்டடத்தில் ஒரு புதுமை இருந்தது. தண்டவாளம் தெருவைவிட ஒரு மாடி உயரத்தில் சென்றது. ஆகவே, சரக்குப் பெட்டிகளைச் சுழல்மேடையில் வைத்துத் திருப்பி, வளைவு வாயில்கள் வழியே நேராக மேல்தளத்துக்குள் தள்ளினர். கீழே தெருப்பக்கத்தில் குதிரை வண்டிகள் சரக்கை ஏற்றிச் சென்றன.

அங்கு வந்த சரக்குகளுள் முக்கியமானது பஞ்சு. அப்பஞ்சு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து. அதைப் பறித்த கைகள் யாருடையவை? கூலியும் விடுதலையும் அறியாத கறுப்பின அடிமைகளுடையவை. பிரித்தானிய நாடாளுமன்றம் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்க 1833இல் சட்டம் இயற்றியது. எனினும், அடிமைகள் விளைவித்த பஞ்சு வாங்குவதை வணிகர் நிறுத்தினாரல்லர். சட்டம் ஒருபுறம், இலாபம் மறுபுறம்!

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்கள் தென் துறைமுகங்களை முற்றுகையிட்டன. பஞ்சு வரவு குன்றியது, ஆலைகள் மூடின, இலட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் பசியால் வாடின. முற்றுகையை உடைக்க வேண்டுமென்று குரல் கொடுத்தோரும் இருந்தனர். ஆயினும், 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் திரண்ட உழைப்பாளர் கூட்டம், அடிமைகளின் விடுதலையை ஆதரித்து ஆபிரகாம் லிங்கனுக்கு மடல் வரைந்தது. 1863 சனவரியில் லிங்கன் விடுத்த மறுமொழியில், அவர்தம் துணிவை மேன்மைமிகு கிறிஸ்தவ வீரம் என்று போற்றினார். தம் அடுப்பு எரியாத வேளையிலும் முன்பின் அறியாத அடிமைக்காகப் பேசிய அவ்வேழையரை என்னென்பது!

கிடங்கின் பிற்காலம் சுருக்கமானது. 1844இல் பயணிகள் போக்குவரத்து அங்கு நின்றது. அதன்பின் சரக்குக்கு மட்டுமே பயன்பட்டு, 1975இல் நிலையம் முழுவதுமே மூடப்பட்டது. சிதைந்து வந்த அதன் பழம்பகுதியை 1978இல் பெருநகர மன்றம் பெயரளவில் ஒரு பவுன் கொடுத்து வாங்கியது. 1983 செப்டம்பர் 15 அன்று, பாதை திறந்த அதே நாளில், அவ்விடத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அன்று காத்த சுவர்கள் இன்றும் அதன் பகுதியாய் நிலைத்துள்ளன.

அன்பர்களே, நம் இல்லத்துக்கு வரும் துணிக்கும் தேயிலைக்கும் பின்னால் எவருடைய கைகளோ உழைத்திருக்கின்றன. அக்கைகளுக்கு உரிய கூலி கிட்டியதா? விலையைக் கேட்கும் நாம், இதனையும் கேட்கப் பழகுவோம். நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.