கிளம்பு என்றால் நாயை என்ன செய்வது?

செல்லப் பிராணியோடு பிரயாணம் என்றதும் காரில் ஊட்டி போவதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விம்கோ நகர், எர்ணாவூர், எண்ணூர் பக்கம் இருக்கும் நமக்குப் பிரயாணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2023 டிசம்பர் மாதத்தில் மட்டும் இரண்டு தடவை வந்தது. முதலில் மிக்ஜாம் புயல் வெள்ளமும், அதில் மிதந்து வந்த எண்ணெய்க் கழிவும். அப்புறம் 26-ஆம் தேதி நள்ளிரவு, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். நாற்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அன்று ராத்திரி என் அத்தை குடும்பம் ஒரே பைக்கில் நாலு பேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. நாய் மட்டும் வாசல் கம்பத்தில் கட்டியபடியே நின்றுவிட்டது. "புள்ளைங்களத் தூக்குவனா, சங்கிலிய அவுப்பனா?" என்று அத்தை கேட்டதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. மறுநாள் மாமா போய்ப் பார்த்தபோது உயிரோடுதான் இருந்தது. கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்ததாம். மாமா கூப்பிட்டும் கிட்டே வரவில்லை.

நம் பாடத்துக்கு வருவோம். அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17, காற்றுக்குச் சுமார் 29. லேசான வாயு, மேலே போய்விட வேண்டியதுதானே? ஆனால் திரவ அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் சரக்கு. அப்படிக் குளிர்ந்து வெளியே வருவது ஈரக் காற்றோடு சேர்ந்து வெண்புகை மாதிரி தரையோடு தவழும். நாயின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான். பறவைகள் இன்னும் பாவம். நுரையீரலோடு காற்றுப் பைகளும் இருப்பதால், விஷக்காற்று அவற்றின் உடம்பில் சீக்கிரம் ஏறும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவியை வைத்துத்தான் விஷவாயுவைக் கண்டுபிடித்தார்கள். மொட்டை மாடியில் புறா வளர்க்கும் ராயபுரம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

ஆகவே முக்கால்வாசி வேலை முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். சங்கிலியின் கொக்கி ஒரே கையால், இருட்டில் கழற்ற வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். துருப்பிடித்த கொக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். கழுத்துப் பட்டையில் அழியாத மையால் போன் நம்பர் எழுதுங்கள். பூனை, கோழிக்குக் கடைக் கூண்டு வாங்க வசதியில்லை என்றால் இரண்டு தக்காளி கிரேட்டை எதிரெதிரே கவிழ்த்து, ஒரு பக்கம் கயிற்றால் இறுகக் கட்டினால் போதும், காற்றோட்டமான பெட்டி தயார். ஆனால் அதை முதல் தடவை ஆபத்து நேரத்தில் காட்டினால் பூனை உங்களைத்தான் பிறாண்டும். ஒரு வாரம் வீட்டு மூலையில் திறந்து வைத்து, உள்ளே சோறு போடுங்கள். தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டை ரேஷன் கார்டு இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். பயந்த நாய் புது இடத்தில் யாரையாவது கடித்தால் முதல் கேள்வியே "ஊசி போட்டீங்களா?" என்பதுதான். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நமக்கு அது தூரமில்லை.

வண்டி? மெட்ரோவில் பிராணிகளை ஏற்றமாட்டார்கள். நள்ளிரவில் மெட்ரோவே ஓடாது. தெரிந்த ஆட்டோ அண்ணனிடம் "நாயும் வரும்" என்று இப்போதே சொல்லி வையுங்கள். எங்கே போவது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலின்போது பிராணியை விட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். மீட்புத் திட்டங்களில் செல்லப் பிராணிகளையும் சேர்க்கச் சொல்லி 2006-இல் சட்டமே போட்டார்கள். நாம் நாயை ஏற்கும் சொந்தக்காரர் வீட்டைப் பார்த்து வைப்பதே நல்லது.

வாயு வாசனை வந்தால், மாடியில் காயும் லுங்கி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். அந்தத் திசையிலேயே ஓடாமல் குறுக்காக விலகுங்கள். கூண்டின் மேல் ஈரத்துணி போடலாம், மூச்சு முட்டாமல். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். தப்பித்த பிறகு கண்ணை வெறும் தண்ணீரால் கால் மணி நேரம் கழுவுங்கள். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும் என்று படித்ததை எலுமிச்சம்பழத்தோடு நாயின் கண்ணில் சோதிக்காதீர்கள்!

வெள்ளத்தில் எண்ணெய் ஒட்டிய ரோமத்தை நக்கவிடக் கூடாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பிசுக்கை இளக்கி, பிறகு ஷாம்பு போட்டுக் கழுவலாம். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும். அதற்குப் பிறகும் இருமினாலோ, வாயில் நுரை தள்ளினாலோ நேரே வேப்பேரிக்குக் கொண்டு போங்கள்.