பிப்ரவரி 9-ஐ நாம் எப்போது கொண்டாடப் போகிறோம்?

பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள். 1976-ல் அன்றைக்குத்தான் அந்த ஒழிப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அரசு அலுவலகங்களில் உறுதிமொழி வாசிக்கிறார்கள். நம் குடியிருப்புகளிலோ அது இன்னொரு வேலை நாள்.

நம் முன்னோருக்கு விடுதலை முதலில் காகிதத்தில் வந்தது 1843-ல். ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் ஏற்காது என்றது அந்த ஆண்டின் 5-வது சட்டம். ஆனால் நிலம் கைக்கு வரவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன், பண்ணையாளை அதே களத்தில் கட்டிப்போட்டது.

அமெரிக்காவிலும் சட்டம் தாமதமாகத்தான் மக்களை எட்டியது. 1863 ஜனவரி 1-ல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் அது ஆணையாக அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19-ல். கறுப்பின மக்கள் அந்த நாளை மறக்கவில்லை. அதைத் தேசிய விடுமுறையாக்கக் கோரி 2016-ல், தன் 89-வது வயதில், வாஷிங்டன் நோக்கி நடக்கத் தொடங்கினார் ஓபல் லீ என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. 2021-ல் விடுமுறை கிடைத்தது.

நமக்கும் முன்னோடிப் பெண்கள் உண்டு. 1904-ல் ரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ், 1945-ல் பம்பாயில் நடந்த அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அம்பேத்கர் படம் இல்லாத தெரு நம்மிடம் இல்லை. மீனாம்பாள் படம் எத்தனை தெருவில் இருக்கிறது?

இந்தக் கேள்வி இங்கே முக்கியம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் குழாய் சுற்றுவதும் திரி வைப்பதும் பெட்டி ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். அட்வான்ஸ் வாங்கியவர், அது கழியும்வரை வேறு ஆலைக்குப் போகக் கூடாது என்றே நினைத்துக்கொள்கிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் தடுத்து வேலை வாங்குவது கொத்தடிமை முறை. அந்தக் கடன் செல்லாது. தடுத்தவருக்கு 3 ஆண்டுவரை சிறை. ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் தரலாம்.

2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆபத்தான அறையை விட்டு எழுந்து போகும் உரிமை இங்கே உயிர் சம்பந்தப்பட்டது. கடன் அதைப் பறிக்க விடலாமா?

வரும் பிப்ரவரி 9 மாலை, வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பிய பிறகு, ஒவ்வொரு தெருவிலும் மீனாம்பாள் படத்தை வைத்து அந்தச் சட்டத்தை உரக்க வாசிப்போம். காதில் விழாத விடுதலை யாருக்கும் பயன்படாது.