டவர் மாறுது... சிக்னல் எங்கே? சிம்மை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை!

'எங்க ஊர்ல டவர்ல புதுசா வேலை நடக்குது. 4ஜி வந்துடுச்சுன்னு சொல்றாங்க. ஆனா, முன்னாடி கிடைச்ச சிக்னல்கூட இப்ப இல்லை. வரப்புல நின்னாதான் பேச முடியுது. வேற கம்பெனிக்கு மாறிடலாமா?'

மரக்காணம் கடலோரத்திலிருந்து மட்டுமல்ல, பி.எஸ்.என்.எல் சிம் வைத்திருக்கும் பல கிராமங்களிலிருந்தும் வரும் கேள்வி இது. உப்பளத்தில் வேலை செய்பவருக்கும், அதை ஒட்டிய மணல் நிலத்தில் தர்பூசணியும் மல்லாட்டையும் போடுபவருக்கும் செல்போன் பொழுதுபோக்குக்கானது அல்ல. பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடுவதற்குள் மழை வந்தால், வெயிலில் காய்ந்த பல நாள் உழைப்பு தண்ணீராகப் போய்விடும். மழை வருகிறது என்ற தகவல் 2 மணி நேரம் முன்னால் கிடைத்தால் காப்பாற்றலாம். தர்பூசணி வியாபாரி காலையில் போட்ட போன் கிடைக்காவிட்டால், அவர் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. அப்படிப்பட்ட நாளில் கையில் இருக்கும் போன் வேலை செய்ய வேண்டும்.

சிக்னல் தேடி அலையும் முன்பும், சிம்மை மாற்றும் முன்பும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டவர், சிம், செல்போன் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் புது நெட்வொர்க் கிடைக்கும். டவர் மட்டும் மாறினால் போதாது.

டவரில் என்ன நடக்கிறது?

பி.எஸ்.என்.எல், உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி கருவிகளை நாடு முழுக்கப் பொருத்தி வருகிறது. மத்திய அரசின் சி-டாட், தேஜஸ் நெட்வொர்க்ஸ், டி.சி.எஸ் ஆகியவை சேர்ந்து இதை உருவாக்கின. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் இதை முறைப்படி தொடங்கி வைத்தபோது, 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள் கணக்கில் சொல்லப்பட்டன.

பழைய 3ஜி ஓடிய 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இப்போது 4ஜி ஓடுகிறது. கூடவே 700 மெகாஹெர்ட்ஸ் என்ற புது அலைவரிசையும் உண்டு. 700 நீண்ட தூரம் போகும். சுவரையும் ஓரளவு துளைக்கும். 2100 அவ்வளவு தூரம் போகாது. கருவிகளை மாற்றும்போது டவரைச் சில மணி நேரம் நிறுத்த வேண்டியிருக்கும். மாற்றியபின் 3ஜி இருக்காது. 3ஜி சிம்மோ, 3ஜி போனோ வைத்திருப்பவர் 4ஜிக்கு ஏற முடியாமல் 2ஜிக்கு இறங்கிவிடுவார். 'முன்னாடி கிடைச்ச நெட்கூட இப்ப இல்லை' என்று பலர் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

ஒரே வீடு... இரண்டு போன்... ஏன் வித்தியாசம்?

மகன் போனில் 4ஜி காட்டுகிறது. அப்பா போனில் காட்டவில்லை. இரண்டுமே 4ஜி போன்தான், இரண்டிலும் ஒரே கம்பெனி சிம்தான். டவர் மேல் பழி போடும் முன் மூன்றைச் சரிபாருங்கள்.

முதலாவது, சிம். பழைய 2ஜி, 3ஜி சிம்மில் 4ஜி வராது. ஆதார் அட்டையோடு வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போய், அதே எண்ணில் 4ஜி சிம் கேட்டு வாங்க வேண்டும். புது சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குப் பாதுகாப்புக்காக எஸ்.எம்.எஸ் நிறுத்தி வைக்கப்படும், ஓ.டி.பி வராது. எனவே, வங்கி வேலையோ பி.எம் கிசான் வேலையோ இருக்கும் நாளில் சிம் மாற்றாதீர்கள்.

இரண்டாவது, போன். 4ஜி போன் எல்லாம் எல்லா அலைவரிசையையும் பிடிக்காது. 700 மெகாஹெர்ட்ஸுக்கு 'பேண்ட் 28', 2100-க்கு 'பேண்ட் 1' என்று பெயர். பழைய போன்கள் பலவற்றில் பேண்ட் 28 கிடையாது. அந்த போனை வைத்துக்கொண்டு எந்த மேட்டில் ஏறி நின்றாலும் 700 கிடைக்கப் போவதில்லை. போன் பெட்டியிலோ, தயாரித்த கம்பெனியின் இணையதளத்திலோ பேண்ட் விவரம் இருக்கும். செல்போன் கடைக்காரரிடம் போன் மாடலைச் சொன்னாலும் பார்த்துச் சொல்வார்.

மூன்றாவது, செட்டிங். நெட்வொர்க் தேர்வு 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்க வேண்டும். 3ஜி மட்டும் என்றோ, 2ஜி மட்டும் என்றோ யாராவது எப்போதோ மாற்றி வைத்திருக்கலாம். 4ஜி வழியாகவே பேச உதவும் 'வோல்ட்இ' வசதி போனில் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். அது இல்லாத இடத்தில் பேசும்போது போன் 2ஜிக்கு இறங்கும். பேசி முடிக்கும்வரை நெட் நிற்கும். டவர் வேலை முடிந்ததும் ஒருமுறை போனை அணைத்து ஆன் செய்யுங்கள்.

உப்பளத்தில் கோடு நிறைய... பேச்சு கேட்கவில்லை!

உப்பளம் சமதரை. மரம் கிடையாது, மேடு கிடையாது. அதனால் தொலைவில் உள்ள டவரின் அலைகூட அங்கே வந்து சேரும். போனில் 2, 3 கோடு தெரியும். ஆனால், கூப்பிட்டால் போகாது. டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது. நம் போனின் சக்தி 1 வாட்டில் சிறு பகுதிதான். டவர் பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது டவருக்குக் கேட்பதில்லை. கோட்டை நம்பாமல், கூப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் நிலைமை வேறு. மரமும் இலையும் அலையைக் குறைக்கும். மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாகக் குறைக்கும். தகரக் கொட்டகைக்குள் அலை நுழைவது கடினம். உள்ளே கிடைக்காத சிக்னல், வெளியே பத்தடி வந்தால் கிடைக்கும்.

சிக்னல் தேடுவதை ஒரு கணக்காகச் செய்யுங்கள். வீடு, வீட்டு வாசல், நிலம், உப்பளம், கடைத்தெரு என ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் பாருங்கள். 4ஜியா 2ஜியா, பேச முடிந்ததா, பணம் அனுப்ப முடிந்ததா என்று நோட்டில் குறியுங்கள். எல்லா நேரமும் கிடைக்கவில்லை என்றால் அலை எட்டவில்லை அல்லது போன் ஒத்துவரவில்லை. காலையில் கிடைத்து இரவில் மட்டும் நின்றால், ஒரே டவரில் பலர் நெட் பார்க்கும் நெரிசலாக இருக்கலாம். கரன்ட் போனதும் சிக்னலும் போகிறது என்றால் டவரின் பேட்டரியில் குறை இருக்கலாம். இந்தக் குறிப்போடு புகார் செய்தால், 'சிக்னல் இல்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் நம் ஊரைச் சுற்றி யாருடைய டவர் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். எந்த ஊரில் எந்த சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டிருக்கிறது. வரைபடத்தில் நிறம் இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கி உங்கள் நிலத்தில் நின்று பேசிப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை.

எண் போனால் எல்லாம் போகும்

2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை திடீரென நின்றபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் தவித்தார்கள். வேறு கம்பெனிக்கு மாறத் தேவையான குறியீடு கிடைக்காமல் கடை வாசலில் காத்துக் கிடந்தார்கள். அன்று எண் என்பது பேசுவதற்கானதாகத்தான் பெரும்பாலும் இருந்தது. இன்று ஆதார், வங்கிக் கணக்கு, பி.எம் கிசான், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி அந்த ஓர் எண்ணுக்குத்தான் வருகிறது.

கோபத்தில் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது எண் வாங்குபவர்கள் உண்டு. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள்கள் பயன்படுத்தாமல் விட்டால், அதைத் துண்டித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட முடியும். அப்புறம் நம் வங்கி ஓ.டி.பி முன்பின் தெரியாதவருக்குப் போகும். ஆதாரில் எண்ணை மாற்ற, சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அது ஒரு நாள் சம்பளம்.

கம்பெனி மாறித்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணை மாற்றாமல் மாறுங்கள். நாடு முழுக்க 2011 ஜனவரி 20 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால் குறியீடு வரும். அது 4 நாள்களுக்குச் செல்லும். அதற்குள் புது கம்பெனி மையத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு வட்டத்துக்குள் 3 வேலை நாளில் மாறிவிடும். புதுச்சேரியும் இதே வட்டம்தான். இப்போதைய கம்பெனியில் 90 நாள்கள் இருந்திருக்க வேண்டும். தொலைந்த அல்லது பழுதான சிம்முக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால், 7 நாள்கள் கழித்துத்தான் குறியீடு கிடைக்கும். மீதமிருக்கும் ரீசார்ஜ் தொகை கூட வராது. ஆகவே, ரீசார்ஜ் முடியும் தறுவாயில் மாறுங்கள்.

ஜியோவுக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த கம்பெனிக்கு 2ஜி சேவை கிடையாது. வீட்டுப் பெரியவர் வைத்திருக்கும் பழைய பட்டன் போன் 2ஜி போனாக இருந்தால், அதில் அந்த சிம் வேலை செய்யாது.

புயல் நாளில்...

பேரிடர் எச்சரிக்கை, டவரிலிருந்து நேராகப் போனுக்கு வரும் முறை இப்போது உண்டு. 2023-ல் இதைச் சோதித்தபோது பலர் போன் திடீரென அலறியது நினைவிருக்கலாம். அதற்கு நெட் தேவையில்லை. டவரோடு தொடர்பு இருந்தால் போதும். போன் செட்டிங்கில் அவசர எச்சரிக்கை ஆன் ஆகியிருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பாருங்கள்.

பெரும் புயலில், ஒரு கம்பெனி டவர் விழுந்தால் இன்னொரு கம்பெனி டவரைப் பயன்படுத்த அரசு திறந்துவிடுவதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைப் பகுதியில் இப்படிச் செய்தார்கள். அதற்கும் நெட்வொர்க் தேர்வு 'ஆட்டோமேட்டிக்' என்றுதான் இருக்க வேண்டும்.

நெட் இல்லாவிட்டாலும் பேச முடிந்தால் போதும் என்ற எண்களை எழுதி வையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. பயிர் சந்தேகங்களுக்கு கிசான் கால் சென்டர் 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம்.

வாசகர்கள் கேட்பவை

'சிக்னல் பூஸ்டர்' கருவி வாங்கி வீட்டில் வைக்கலாமா?

கூடாது. அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம். அது சுற்றுப்புறத்தில் உள்ளவர்களின் சிக்னலையும் கெடுக்கும்.

எங்கள் நிலத்தில் டவர் போடுவதாகச் சொல்லி, முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள். டவருக்கு இடம் கொடுப்பவருக்கு கம்பெனிதான் வாடகை தரும். நிலத்துக்காரரிடம் பணம் கேட்காது. டிராய் பெயரில் 'அனுமதிக் கடிதம்' காட்டினால் அது போலி. அதேபோல, '4ஜிக்கு மாற்றித் தருகிறோம், ஓ.டி.பி சொல்லுங்கள்' என்று வரும் அழைப்பும் மோசடி. பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

பல நாள் சிக்னலே இல்லை. யாரிடம் சொல்வது?

உங்கள் கம்பெனியின் 198-க்குப் பேசி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு முறையிடலாம். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால், போஸ்ட்பெய்டுக்குக் கட்டணக் கழிவும், ப்ரீபெய்டுக்குக் கூடுதல் நாள்களும் தர வேண்டும் என்கிறது டிராய் விதி. இயற்கைப் பேரிடரால் முடங்கினால் இது பொருந்தாது. ஊரில் பத்துப் பேர் தனித்தனியாகப் புகார் எண் வாங்கி, அவற்றைச் சேர்த்து கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டு அனுப்பினால், ஒருவர் கோரிக்கையாக இருப்பது ஊர்க் கோரிக்கையாக மாறும்.